காற்றுப் பட்ட சாணக்கரைசல்: மீத்தேன் நுண்ணுயிர்கள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

தொழுவத்தார் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்தாறு மாடுகள் உள்ளன. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மாதிரியில் கட்டிய, நாளொன்றுக்கு 2 கன மீட்டர் சாண எரிவாயு தரக்கூடிய, கரைசலின் மேல் மிதக்கும் இரும்பு டிரம்மில் வாயு சேரும் மிதவை டிரம் கலன் ஒன்றைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். டிரம்மின் மேல்தகடு துருவேறி வாயு கசியத் தொடங்கியதால், அதைத் தூக்கி வெளியே வைத்து, ஓட்டையை வெல்டிங் செய்து, கறுப்புப் பூச்சு அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே மீண்டும் இறக்கினோம். அதுவரை, அதாவது ஓர் இரவும் மறுநாளின் பெரும்பகுதியும், கரைசலின் மேற்பரப்பு முழுவதும் வெட்டவெளியில் கிடந்தது. மேலே படிந்திருந்த ஆடையையும் அந்த வேளையில் கிளறி அகற்றினோம்.

இப்போது டிரம் எழும்புகிறது, ஆனால் அடுப்பில் சுடர் நிலைக்காமல் அணைந்து விடுகிறது. கலனைக் கட்டிக்கொடுத்த கொத்தனார், காற்றுப் பட்டதால் உள்ளே இருந்த நுண்ணுயிர்கள் எல்லாம் செத்துவிட்டன என்றும், கரைசல் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதுச் சாணம் நிரப்பித் தொடங்குவதே வழி என்றும் சொல்கிறார். மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் துளியும் தாங்காதவை என்று நானும் படித்திருக்கிறேன். ஆனால் ஜெர்மனியின் பண்ணைக் கலன்களில் வேண்டுமென்றே சிறிதளவு காற்றைச் செலுத்துகிறார்கள் என்றும் படித்தேன். இவ்விரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக இருக்க முடியும்? கலனை இறைக்க வேண்டியது அவசியமா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.


நுண்ணுயிரியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, வணக்கம். தயவுசெய்து கலனை இறைக்காதீர்கள். நீங்கள் படித்த இரண்டு செய்திகளும் உண்மையே. முதலாவது தனியாகப் பிரித்து வளர்க்கப்பட்ட மீத்தேன் ஆக்கிகளைப் பற்றியது, இரண்டாவது பல்வகை நுண்ணுயிர்கள் கூடி வாழும் ஒரு கலனைப் பற்றியது.

மீத்தேன் ஆக்கிகள் ஆர்க்கியா என்னும் பிரிவைச் சேர்ந்தவை. மாட்டின் முதல் இரைப்பையை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலாளர் ராபர்ட் ஹங்கேட், ஆக்சிஜனை முற்றிலும் நீக்கிய ஊடகத்தில், அடைத்த குழாய்க்குள் இவற்றை வளர்க்கும் முறையை 1950 வாக்கில் வகுத்த பிறகுதான், இவற்றைத் தனித்தனியே பிரித்து ஆராய்வது எளிதாயிற்று. இவை வளர்ந்து மீத்தேன் தருவதற்குக் கரைசலின் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரான்களை ஏற்கும் போக்கைக் காட்டும் அளவு, ஆக்சிஜன் இருந்தால் உயரும்) ஏறத்தாழ மைனஸ் 300 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். காரணமும் தெளிவானது. மீத்தேனை உருவாக்கும் கடைசிப் படியைச் செய்யும் நொதியின் நடுவில் நிக்கல் அணுவைத் தாங்கிய ஒரு துணைப்பொருள் இருக்கிறது. அந்த நிக்கல் மிகவும் ஒடுக்கப்பட்ட, அதாவது எலக்ட்ரான்களை ஏற்ற, நிலையில் இருக்கும் வரைதான் நொதி வேலை செய்யும், ஆக்சிஜன் பட்டவுடன் செயலிழக்கும். இரும்பும் கந்தகமும் சேர்ந்த மையங்களைக் கொண்ட வேறு பல நொதிகளும் அவ்வாறே சிதைகின்றன. பாடநூல்கள் இவற்றை முழுமையான காற்றிலா வாழ்விகள் என்று அழைப்பது இதனால்தான்.

ஆனால் உங்கள் கலனில் மீத்தேன் ஆக்கிகள் தனியாக வாழவில்லை. சாணத்தோடு வரும் ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோகாக்கஸ், பேசில்லஸ் போன்ற எண்ணற்ற பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழக்கூடியவை. ஆக்சிஜன் இல்லாதபோது மாவுப்பொருளையும் புரதத்தையும் நொதிக்கச் செய்து அமிலமாக்கும் இவை, ஆக்சிஜன் ஒரு துளி கிடைத்தாலும் உடனே சுவாசத்துக்கு மாறி அதைத் தீர்த்துவிடும். சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் நொதித்தலில் கிடைப்பதைவிடப் பலமடங்கு என்பதால், ஆக்சிஜனை விட்டுவைக்க அவற்றுக்குக் காரணமே இல்லை. கரைசலில் கரைந்திருக்கும் சல்பைடும் இரும்பு அயனியும் உயிரின் உதவியே இல்லாமல் ஆக்சிஜனோடு வினைபுரிந்து அதைக் குறைக்கின்றன. சல்பேட்டை ஒடுக்கும் டீசல்ஃபோவிப்ரியோ என்னும் பாக்டீரியாவையும் ஒரு காலத்தில் முழுமையான காற்றிலா வாழ்வி என்றே கருதினார்கள். அதுவும் ஆக்சிஜனை நீராக ஒடுக்கும் நொதிகளை வைத்திருக்கிறது என்பது பின்னர் தெரியவந்தது.

இதை எண்களில் பார்த்தால் அச்சம் குறையும். 30 டிகிரி வெப்பநிலையில் சுத்தமான நீர் காற்றிலிருந்து ஏற்கக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. உங்கள் கலனுக்குத் தினமும் இடும் 50 கிலோ சாணமும் 50 லிட்டர் நீரும் சேர்ந்த கரைசல் முழுவதும் ஆக்சிஜனால் நிறைந்திருந்தாலும்கூட, உள்ளே போவது முக்கால் கிராம்தான். அதைத் தீர்ப்பதற்குச் செலவாகும் கரிமப் பொருளைக் கணக்கிட்டால், இழப்பது கால் லிட்டர் மீத்தேன். நாளொன்றுக்கு ஆயிரம் லிட்டருக்கு மேல் மீத்தேன் தரும் கலனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

திறந்து கிடந்த மேற்பரப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசையாத நீரில் ஆக்சிஜன் மூலக்கூறு பரவும் வேகம் மிகக் குறைவு. ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும், ஆனால் நேரம் ஆழத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், பத்து சென்டிமீட்டரைக் கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். வழியில் யாரும் அதை உண்ணாமல் இருந்தால்தான் இந்தக் கணக்கு. உங்கள் கரைசலில் அடிக்கு அடி உண்பவர்கள் காத்திருப்பதால், மேலிருந்து ஒரு சில மில்லிமீட்டருக்குக் கீழே ஆக்சிஜன் எட்டியிருக்க வாய்ப்பில்லை. நீங்கள் ஆடையைக் கிளறியபோது சற்றுக் கூடுதலாகக் கலந்திருக்கலாம். அதுவும் சில நிமிடங்களில் தீர்ந்திருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மிதவை டிரம் கலனில் டிரம்முக்கும் கிணற்றுச் சுவருக்கும் இடையே ஒரு வளைய இடைவெளி இருக்கிறது அல்லவா? அங்கே கரைசல் எப்போதும் காற்றைத் தொட்டுக்கொண்டுதான் இருக்கிறது. இந்த மாதிரியில் இயங்கும் ஒவ்வொரு கலனும் தன் வாழ்நாள் முழுவதும் ஆக்சிஜனோடு வாழப் பழகிய கலன்தான்.


கசடுக்கலன் பொறியாளர் எழுதியது:

ஆசிரியை அவர்களின் விளக்கத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் நகராட்சிக் கழிவுநீர் நிலையங்களின் கசடு செரிப்புக் கலன்களில் பணியாற்றியவன். நடைமுறை சார்ந்து சிலவற்றைச் சொல்கிறேன். முதலில் பாதுகாப்பைப் பற்றிச் சொல்வது என் கடமை.

சுடர் நிலைக்காததற்கு மிகவும் வாய்ப்புள்ள காரணம், நுண்ணுயிர்கள் இறந்தது அல்ல, டிரம்முக்குள் காற்று சிக்கியிருப்பது. வால்வைத் திறந்து வைத்துக்கொண்டு டிரம்மைக் கரைசலின் மேல் முழுவதுமாக அமரும் வரை இறக்கினால் உள்ளிருக்கும் காற்று பெரும்பாலும் வெளியேறிவிடும். வால்வு மூடியிருந்தால் அந்தக் காற்று உள்ளேயே தங்கி, புதிதாக வரும் வாயுவோடு கலக்கும். மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருக்கும்போது தீப்பொறி பட்டால் வெடிக்கும். ஆகவே இப்போது டிரம்மில் இருப்பதை அடுப்பில் பற்றவைத்துச் சோதிப்பதை உடனே நிறுத்துங்கள். வீட்டுக்குச் செல்லும் குழாயின் வால்வை மூடிவிட்டு, தீயோ மின்பொறியோ இல்லாத வேளையில், டிரம் முழுவதும் கீழே அமரும் வரை வாயுவை வெட்டவெளியில் விட்டுவிடுங்கள். அடுத்த முறை எழும்பும் வாயுவையும் அவ்வாறே வெளியேற்றிவிட்டால் பிறகு கிடைப்பது ஏறத்தாழக் காற்று இல்லாத எரிவாயுவாக இருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. டிரம் தூக்கிய கலனுக்குள் எக்காரணம் கொண்டும் யாரும் இறங்கக் கூடாது. கிளறப்பட்ட கரைசலிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு பொங்கி வரும். 100 பி.பி.எம். (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவிலேயே அது உயிருக்கு ஆபத்தானது, அந்த அளவில் மூக்கு மரத்துப் போவதால் நாற்றமும் தெரியாது. நாற்றம் இல்லை, ஆகவே ஆபத்து இல்லை என்று எண்ணி இறங்கியவர்களும் அவர்களைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து உயிரிழப்பது நம் நாட்டில் மீண்டும் மீண்டும் நடக்கிறது. கலனை இறைத்துச் சுத்தம் செய்யும் யோசனையை நான் எதிர்ப்பதற்கு இதுவும் ஒரு பெரிய காரணம்.

இனி நுண்ணுயிர்கள் இறந்தனவா, ஓய்ந்திருக்கின்றனவா என்பதை எப்படி அறிவது? மீளும் வேகத்தைக் கொண்டே ஓரளவு அறியலாம். அசிட்டிக் அமிலத்தை மீத்தேனாக்கும் மெத்தனோத்ரிக்ஸ் என்னும் இனம் இரட்டிப்பாகப் பல நாள்கள் எடுத்துக்கொள்ளும். அவை பெருமளவில் இறந்திருந்தால் பழைய அளவுக்கு வாயு வர வாரக்கணக்கில் ஆகும். ஓரிரு நாள்களில் டிரம் வழக்கம்போல் எழும்பத் தொடங்கினால், புதிதாகப் பெருகியவை அந்த வாயுவைத் தந்திருக்க முடியாது. பழையவை பிழைத்திருக்கின்றன என்றுதான் பொருள். உங்கள் டிரம் ஏற்கெனவே எழும்புகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் ஒரு பகுதி கரியமில வாயுவாக இருக்கலாம் என்றாலும், அது நல்ல அறிகுறி. சில நாள்கள் சாணத்தை வழக்கமான அளவில் பாதி மட்டும் இட்டு, பிறகு படிப்படியாகக் கூட்டுங்கள். பாதிப்படைந்த கலனில் அமிலம் தேங்குவதற்கு அதிகத் தீனி இடுவதுதான் வழக்கமான காரணம்.

ஜெர்மனியைப் பற்றிக் கேட்டீர்கள். அங்குள்ள பண்ணைக் கலன்களில் ஒரு சிறு பம்பு மூலம், உற்பத்தியாகும் வாயுவின் கன அளவில் ஏறத்தாழ 2 முதல் 6 சதவீதம் காற்றைக் கரைசலுக்கு மேலே உள்ள வாயு வெளியில் செலுத்துகிறார்கள். அங்கே ஈரமான சுவரிலும் அதற்கென்றே கட்டப்பட்ட வலைகளிலும் மரச்சட்டங்களிலும் தங்கியிருக்கும், கந்தகத்தை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜன் சல்பைடைத் தனிமக் கந்தகமாக மாற்றுகின்றன. மஞ்சள் நிறப் படிவாக அதைக் கண்ணால் காணலாம். எஞ்சினையும் குழாயையும் அரிக்கும் வாயு, செலவில்லாத முறையில் அகன்றுவிடுகிறது.

வீட்டுக் கலனில் இதைச் செய்ய முயலாதீர்கள். அளவுக் கருவியும் தானாக நின்றுபோகும் ஏற்பாடும் இல்லாமல் எரிவாயுவுக்குள் காற்றைச் செலுத்துவது வெடிப்புக்கு வழிவகுக்கும். மாட்டுச் சாண வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு மிதமான அளவில்தான் இருக்கும். தேவைப்பட்டால் துருவேறிய இரும்புச் சீவல் நிரப்பிய சிறு வடிகட்டியே போதும். அந்தச் சீவலை மாற்றும்போது மட்டும் கவனம் தேவை. கந்தகத்தைப் பிடித்துக் கறுத்துப்போன இரும்பு, திறந்தவுடன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்து சூடேறும், சில சமயம் தானாகவே தீப்பற்றும். நீர் தெளித்து ஈரமாக்கி, வீட்டுக்கும் வைக்கோலுக்கும் எட்டத்தில் பரப்பி ஆறவிட வேண்டும்.


தொழுவத்தார் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வால்வை மூடிவிட்டேன். வாயுவைச் சொன்னபடி வெளியேற்றுகிறேன். ஒரு ஐயம் மட்டும் மீதம் இருக்கிறது. சுற்றியிருக்கும் பாக்டீரியாக்கள் காப்பாற்றுகின்றன என்பது புரிகிறது. அந்தக் காவலையும் மீறி ஆக்சிஜன் வந்துவிட்டால், மீத்தேன் நுண்ணுயிருக்குத் தன்னளவில் எந்தப் பாதுகாப்பும் இல்லையா?


நுண்ணுயிரியல் ஆசிரியை எழுதியது:

இருக்கிறது, இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த கீனரும் லைசிங்கரும் 1983-இல் வெளியிட்ட ஆய்வில், தனித்து வளர்க்கப்பட்ட சில மீத்தேன் ஆக்கிகளைக் காற்றில் வைத்துப் பார்த்தார்கள். மெத்தனோகாக்கஸ் இனங்கள் தாமதமின்றி இறக்கத் தொடங்கின. ஆனால் மெத்தனோசார்சினா பார்க்கரி, மெத்தனோபிரெவிபாக்டர் ஆர்போரிஃபிலஸ் போன்றவை பல மணி நேரம் உயிரோடு இருந்தன. வளர்வதற்கு ஆக்சிஜன் அறவே கூடாது என்பதும், ஆக்சிஜன் பட்டால் உடனே இறந்துவிடும் என்பதும் ஒன்றல்ல என்பதை அந்த ஆய்வு தெளிவாக்கியது. பெரும்பாலான பொதுநூல்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் கடந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. உங்கள் கொத்தனாரைப் போன்ற அனுபவசாலிகள்கூடத் தேவையின்றிக் கலனை இறைக்கச் சொல்வது அதன் விளைவுதான்.

பாதுகாப்புக்கான கருவிகளும் கண்டறியப்பட்டுள்ளன. ஆக்சிஜன் உயிரணுவுக்குள் சென்றால் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிய கொடிய விளைபொருள்கள் உருவாகும். இவற்றைச் சிதைக்கும் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ் ஆகிய நொதிகள் சில மீத்தேன் ஆக்கிகளில் உள்ளன. இவற்றுக்கு மேலாக, மெத்தனோபிரெவிபாக்டர் ஆர்போரிஃபிலஸில், எஃப்420 என்னும் துணைநொதியின் எலக்ட்ரான்களைக் கொண்டு ஆக்சிஜனை நேரடியாக நீராக மாற்றும் ஒரு நொதி இருப்பதை ஜெர்மனியின் மார்புர்க் நகர ஆய்வாளர்கள் 2004-இல் காட்டினார்கள். மீத்தேன் செய்வதற்கென வைத்திருக்கும் எலக்ட்ரான்களைச் சற்று நேரம் ஆக்சிஜனை விரட்டச் செலவிட்டு, பிறகு தன் வேலைக்குத் திரும்புகிறது அந்த உயிர். இதே பேரினத்தைச் சேர்ந்த சில வகைகள் கறையானின் பின்குடலில், ஆக்சிஜன் ஊடுருவும் குடற்சுவரை ஒட்டியே வாழ்கின்றன. ஆக்சிஜனின் விளிம்பில் வாழ்வது அவற்றுக்குப் புதிதல்ல.

மூன்றாவது பாதுகாப்பு அவை வாழும் இடம். காகித ஆலை, மது ஆலை போன்றவற்றின் கழிவுநீரைச் செரிக்கும் மேல்நோக்குப் பாய்வுக் கலன்களில் நுண்ணுயிர்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பொதுவாக அரை மில்லிமீட்டர் முதல் மூன்று மில்லிமீட்டர் வரை விட்டமுள்ள மணிகளாகத் திரள்கின்றன. பல மணிகளில் அமிலம் ஆக்கும் பாக்டீரியாக்கள் வெளி அடுக்கிலும் மீத்தேன் ஆக்கிகள் உள்ளேயும் அமைந்திருப்பதைக் காணலாம். இத்தகைய மணிகளை வைத்து நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்டோ, ஃபீல்டு, லெட்டிங்கா ஆகியோர் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வு என் மனத்துக்கு மிகவும் நெருக்கமானது. மூன்று நாள்கள் ஆக்சிஜனுக்கு ஆட்படுத்தியபோது, மீத்தேன் ஆக்கும் திறனைப் பாதியாகக் குறைக்க, குடுவையின் வாயு வெளியில் 7 முதல் 41 சதவீதம் வரை ஆக்சிஜன் தேவைப்பட்டது. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 21 சதவீதம்தான் இருக்கிறது. அதாவது சில மணித்திரள்கள் காற்றைவிட ஏறத்தாழ இருமடங்கு ஆக்சிஜனைச் சமாளித்தன. உண்பதற்குக் கரிமப் பொருள் இருக்கும் வரை வெளி அடுக்கில் உள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனைத் தீர்த்துக்கொண்டே இருந்தன என்பதுதான் அதற்கு முதன்மையான காரணம்.


காவிரிக்கரை எழுதியது:

இந்த உரையாடலைப் படித்தவுடன் எங்கள் வயல் நினைவுக்கு வந்தது, பொருத்தமானது என்பதால் சொல்கிறேன். நெல் வயலிலும் இதே மீத்தேன் ஆக்கிகள்தான் வாழ்கின்றன. கோடையில் வயல் வெடித்துக் காய்ந்து கிடக்கும்போது மண்ணுக்குள் காற்று தாராளமாகப் புகுகிறது. ஆனாலும் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் கட்டிய சில வாரங்களில் மீத்தேன் குமிழிகள் மீண்டும் வெளிவருகின்றன. மெத்தனோசெல்லா, மெத்தனோசார்சினா ஆகியவை காய்ந்த மண்ணிலும், ஏன் பாலைவன மண்ணிலும்கூட உயிரோடு இருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது.

காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் பாய்ச்சினால் மீத்தேன் குறைவது, அவை இறந்து போவதால் மட்டும் அல்ல என்பது எனக்குக் கற்பிக்கப்பட்டது. வயலைக் காயவிடும்போது ஆக்சிஜன் மண்ணிலுள்ள இரும்பையும் கந்தகத்தையும் ஆக்சிஜனேற்றிவிடுகிறது. மீண்டும் நீர் நின்றதும், அந்த இரும்பையும் சல்பேட்டையும் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் ஹைட்ரஜனையும் அசிட்டேட்டையும் முதலில் எடுத்துக்கொள்கின்றன. அந்த இரும்பும் சல்பேட்டும் தீரும் வரை மீத்தேன் ஆக்கிகளுக்கு உணவு கிட்டாது. ஆக்சிஜன் அங்கே கொலையாளியாக வருவதைவிட, போட்டியாளர்களுக்குத் தீனி கொடுத்துவிட்டுப் போவதுதான் அதிகம்.


முதுகலை மாணவன் எழுதியது:

மிகவும் பயனுள்ள இழை. அப்படியானால் எல்லாக் கலன்களிலும் சிறிது காற்று விடுவது நல்லதுதானே? மிகக் குறைந்த காற்றூட்டல் நார்ப்பொருள் கரைவதை விரைவுபடுத்தி வாயுவைக் கூட்டுகிறது என்று பல கட்டுரைகளில் படித்தேன். மீத்தேன் இழப்பைப் பற்றிய அச்சம் மிகைப்படுத்தப்பட்டது என்றே தோன்றுகிறது.


நுண்ணுயிரியல் ஆசிரியை எழுதியது:

தம்பி, இழப்பைப் பற்றிய உங்கள் கருத்து பெருமளவு சரி, பொதுவிதியாக்குவதைத்தான் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் பார்ப்போம். ஆயிரம் லிட்டர் சாண எரிவாயுவுக்கு 5 சதவீதம் காற்று என்றால் 50 லிட்டர் காற்று, அதில் ஏறத்தாழ பத்தரை லிட்டர் ஆக்சிஜன், எடையில் 14 கிராமுக்குச் சற்றுக் குறைவு. ஒரு கிராம் ஆக்சிஜனை நீக்கச் செலவாகும் கரிமப் பொருள் 0.35 லிட்டர் மீத்தேன் தந்திருக்கும். ஆக, உள்ளே போன ஆக்சிஜன் முழுவதும் கரிமப் பொருளை எரிக்கவே போனாலும், இழப்பு ஐந்து லிட்டர் மீத்தேனுக்கு மேல் போகாது. ஆயிரம் லிட்டர் வாயுவில் மீத்தேன் அறுநூறு லிட்டர் என்று கொண்டால் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு.

கந்தகத்துக்கு எவ்வளவு வேண்டும் என்பதையும் பாருங்கள். வாயுவில் 2,000 பி.பி.எம். ஹைட்ரஜன் சல்பைடு இருந்தால், ஆயிரம் லிட்டரில் இரண்டு லிட்டர். அதைத் தனிமக் கந்தகமாக்க ஒரு லிட்டர் ஆக்சிஜன், அதாவது ஐந்து லிட்டர் காற்று போதும். வாயுவின் அளவில் அது அரை சதவீதமே. நடைமுறையில் பலமடங்கு கூடுதலாகச் செலுத்துவது, எல்லா ஆக்சிஜனும் சல்பைடைச் சந்திப்பதில்லை என்பதால்தான். மிஞ்சுவதில் ஒரு பகுதியைப் பிற நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்கின்றன. அவற்றுள் மீத்தேனையே உண்டு வாழும் பாக்டீரியாக்களும் அடங்கும். சாணக் கழிவுத் தொட்டிகளின் மேலாடையில் அவை வாழ்வது தெரிந்த செய்தி. அளவு மீறினால் கந்தகம் அத்தோடு நிற்காமல் கந்தக அமிலம் வரை செல்லும், அப்போது கான்கிரீட்டும் இரும்பும் அரிபடும்.

நார்ப்பொருளைப் பொறுத்தவரை ஆய்வு முடிவுகள் ஒரே திசையில் இல்லை. செரிக்கக் கடினமான வைக்கோல், தாள் போன்றவற்றை முன்கூட்டியே குறைந்த காற்றில் ஊறவைத்தபோது, ஆக்சிஜனில் விரைந்து பெருகிய பாக்டீரியாக்கள் கூடுதலாக நொதிகளைச் சுரந்ததால் பயன் கிடைத்திருக்கிறது. எளிதில் கரையும் உணவுக் கழிவில் அதே காற்று, மீத்தேனாகியிருக்க வேண்டிய சர்க்கரையைக் கரியமில வாயுவாக எரித்துவிடலாம். எந்தப் பொருளை, எந்தக் கட்டத்தில், எவ்வளவு காற்றில் வைத்தார்கள் என்று பார்க்காமல் அந்தக் கட்டுரைகளின் விழுக்காடுகளை ஒப்பிடுவது சரியாகாது.

காவல் பலவீனமாக இருக்கும் இடங்களையும் மறக்க வேண்டாம். நீர்த்துப்போன கழிவுநீரில் உண்பதற்குக் கரிமப் பொருள் குறைவு, ஆகவே ஆக்சிஜனைத் தீர்ப்பவர்களும் குறைவு. அங்கே கரைந்து வரும் ஆக்சிஜன் மீத்தேன் ஆக்கிகள் வரை எட்டக்கூடும். புதிதாகத் தொடங்கும் கலனில் மீத்தேன் ஆக்கிகளே சொற்பம், அவற்றில் ஒரு பகுதியை இழந்தாலும் மீள நீண்ட காலம் ஆகும். அமிலம் தேங்கிச் சோர்ந்திருக்கும் கலனிலும் அப்படித்தான். இத்தகைய இடங்களில் காற்றை விடுவது தவறு என்றே நான் கருதுகிறேன்.


கசடுக்கலன் பொறியாளர் எழுதியது:

மாணவ நண்பருக்கு ஒரு சேர்க்கை. காற்றூட்டலைக் கட்டுப்படுத்தக் கரைந்த ஆக்சிஜன் மானியை நம்ப முடியாது. ஆக்சிஜன் உடனுக்குடன் தீர்ந்துவிடுவதால் அது எப்போதும் பூச்சியத்தையே காட்டும். அதனால்தான் ஆக்சிஜனேற்ற ஒடுக்க மின்னழுத்தத்தைக் காட்டும் மானியைப் பயன்படுத்துகிறார்கள். காற்றில்லாதபோது கலன் தானாக நிற்கும் அளவைக் குறித்துக்கொண்டு, அதைவிட இருபது, இருபத்தைந்து மில்லிவோல்ட் மட்டும் உயரும் அளவுக்குக் காற்றை அளந்து விடுவது ஒரு முறை. அந்த மானியின் முனையில் கசடும் சல்பைடும் படிந்தால் தவறான அளவைக் காட்டும், எனவே அடிக்கடி துடைத்துச் சரிபார்க்க வேண்டும்.

வெளியேறும் வாயுவில் ஆக்சிஜன் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதை அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். நன்றாக இயங்கும் கலனில், உள்ளே விட்ட ஆக்சிஜனில் மிகச் சிறு பங்கே வாயுவில் மிஞ்சும். அது நாளுக்கு நாள் கூடினால், சுவரில் கந்தகப் படிவு தடித்து உதிர்ந்து பாக்டீரியாப் படலம் குறைந்திருக்கலாம், அல்லது வாயு உற்பத்தி சரிந்தும் பம்பு பழைய வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்தானது. பம்பின் வேகம் வாயு ஓட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்க வேண்டும், ஓட்டம் நின்றால் பம்பும் நிற்க வேண்டும். காற்றின் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன் என்பதும் கணக்கில் வர வேண்டும். 5 சதவீதம் காற்று விட்டால் ஏறத்தாழ 4 சதவீதம் நைட்ரஜன் வாயுவில் தங்கிவிடும். அடுப்புக்கும் எஞ்சினுக்கும் அது தடையில்லை. வாகனங்களுக்கான அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு தயாரிக்கும் நிலையங்களில் மீத்தேனிலிருந்து நைட்ரஜனைப் பிரிப்பது கடினமும் செலவும் மிக்கது என்பதால், அங்கே காற்றுக்குப் பதிலாகத் தூய ஆக்சிஜனை மிகக் குறைந்த அளவில் விடுகிறார்கள், அல்லது இரும்புக் குளோரைடு போன்ற உப்புகளைக் கரைசலிலேயே சேர்த்துச் சல்பைடை அங்கேயே படியவைத்துவிடுகிறார்கள்.